தலையாட்டிக் கேட்ட நாயனம்

பெரிய மார்க்கெட்டில் தனக்கொடி ஒருமுறை குரல் கொடுத்தால், கத்தரிக்காய் வாங்க வந்தவர்கள்கூட மீன் வாங்கிக்கொண்டு போவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் மிகைதான். ஆனால் அப்படிப்பட்ட குரல்காரிக்கு வாய்த்த புருஷனுக்குப் போயும் போயும் காது போய்விட்டது என்பதில் மிகை ஒன்றும் இல்லை.

குருசுக்குப்பத்தில் அவர்களுடைய வீடு. கன்னியப்பன் விடியுமுன் கட்டுமரத்தில் போவான், வெயில் ஏறத் திரும்புவான். அவன் கொண்டுவந்ததை இவள் கூடையில் அள்ளிக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடுவாள். ஒரே மகளைக் கடலூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஒருவருக்குக் காது கேட்கவில்லை என்றால் சீக்கிரம் தெரிந்துவிடும் என்று நினைப்போம். தனக்கொடிக்குத் தெரிய ரொம்ப நாளாயிற்று. அவன் அவ்வளவு கெட்டிக்காரன். எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவான். புருஷன் தலையாட்டினால் எந்தப் பெண்டாட்டி சந்தேகப்படுவாள்?

முதலில் அவள் அதைக் கொழுப்பு என்றுதான் நினைத்தாள். "எத்தினி வாட்டி கூப்புடறது, காதுல விழல?" என்பதுதான் அந்த வீட்டின் காலைப் பாட்டும் மாலைப் பாட்டும். கடைசியில் அவனோடு ஒரே மரத்தில் போகும் அம்மாவாசையைக் கூப்பிட்டு, உங்க அண்ணனுக்குக் காது மந்தமா என்று கேட்டாள். அம்மாவாசை சிரித்துவிட்டான்.

"அண்ணனுக்கா? துடுப்பத் தண்ணில வுட்டு, காம்புல தாடையச் சாச்சாருன்னா, கத்தாழ மீனு எந்தப் பக்கம் கத்துதுன்னு சொல்லிடுவாரு. எங்களுக்குத்தான் ஒண்ணும் கேக்கமாட்டேங்குது."

கத்தாழை கூட்டமாகப் போகும்போது தண்ணீருக்குள் கொர்கொர் என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் துடுப்பின் மரம் வழியாக ஏறிவரும். அதைக் கேட்டு வலை விடுவது அவர்கள் பக்கத்து வழக்கம். ஆக, கடலுக்கடியில் மீன் கத்துவது கேட்கிறது, பக்கத்தில் பெண்டாட்டி கத்துவது கேட்கவில்லை. தனக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாரம் முழுக்கக் குழம்பில் உப்பும் இல்லை, புளியும் இல்லை. அவன் அதற்கும் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டான்.

ஆடியில் வீராம்பட்டினத்துத் தேர் வந்தது. அது தனக்கொடி பிறந்த ஊர். கன்னியப்பனுக்கோ நாயனம் என்றால் உயிர். வருஷா வருஷம் மேளக்காரர்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பான். மாமியார் வீட்டு விருந்தைக்கூட மறந்துவிடுவான். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். நடுவில் மேளக்காரர்கள் நிறுத்திவிட்டு சோடா குடித்தார்கள். கூட்டமும் எழுந்து காலை நீட்டிக்கொண்டது. கன்னியப்பன் மட்டும் மூடிய கண்ணைத் திறக்காமல், முகத்தில் அதே சுகத்தோடு, தாளம் போட்டுக்கொண்டே இருந்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து தனக்கொடி அதைப் பார்த்தாள். அவளுடைய கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தேருக்குப் பின்னால் போய் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் ஏன் மறைத்தான் என்பதும் அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. செவிடன் என்று பெயர் வந்துவிட்டால் மரத்தில் சேர்த்துக்கொள்ள யோசிப்பார்கள். கரையில் உட்கார்ந்து வலை பிரிக்கும் கன்னியப்பனை அவனாலேயே பார்க்க முடியாது.

அன்றிலிருந்து அவள் அவனை ஏசுவதை நிறுத்திவிட்டாள். கேட்காத மனுஷனை ஏசுவது பாவம் என்று தோன்றியது. ஒன்று மட்டும் நிச்சயம் பண்ணிக்கொண்டாள். அவன் இன்னொரு முறை நாயனம் கேட்க வேண்டும். ஆனால் தனக்கு விஷயம் தெரியும் என்று அவனுக்குத் தெரியக்கூடாது. எவ்வளவு பெரிய சத்தம் வேண்டுமோ அவ்வளவு பெரிய சத்தத்தை வீட்டுக்கு வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள். வீட்டுக்குத்தான் கரண்டு வந்துவிட்டதே, ஒரு ரேடியோ இருந்தால் என்ன என்று அவனிடம் கையும் வாயுமாகச் சொன்னாள். அவன் வழக்கம்போலத் தலையாட்டினான்.

ரேடியோக் கடை துய்ப்ளேக்ஸ் வீதியில் இருந்தது. வீதிக்கு நேரு பெயர் வைத்துச் சில வருஷம் ஆகியும் ஊர் வாயில் பழைய பெயர்தான். கடைக்காரர் இராமதாஸ் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு ரேடியோ பழுது பார்த்துவிட்டுத் திரும்பியவர். யார் வந்தாலும் 'முசியே', 'மதாம்' என்றுதான் கூப்பிடுவார். மீன்கூடையோடு வந்து விசாரித்த தனக்கொடியையும் மதாம் என்றார். அதிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிட்டது.

ரேடியோவைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. எல்லா ரேடியோவும் ஒன்றுதான், பாட்டு நன்றாக இருப்பதும் கெடுவதும் ஸ்பீக்கரில்தான் என்பது அவர் கட்சி. சின்னதும் பெரியதுமாக வெளியே தனியாக மாட்டுகிற ஸ்பீக்கர்கள் வைத்திருந்தார். திருச்சி நிலையத்தில் நாயனம் வைக்கும் சாயங்காலமாகப் பார்த்துப் புருஷனைக் கூட்டிவரச் சொன்னார்.

கூட்டிவந்தாள். வந்ததும் தனக்கொடி ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகத் தூக்கினாள், திருப்பினாள், முதுகைத் தட்டினாள், துணியை விரலால் அழுத்திப் பார்த்தாள். ஒன்றை மோந்துகூடப் பார்த்தாள். வஞ்சிரத்தின் செவுளைத் திறந்து பார்ப்பவளுக்கு வேறு எப்படிப் பொருள் வாங்கத் தெரியும்? இராமதாஸ் மரியாதையாகக் காத்திருந்தார். கடைசியில் அவள் காட்டியது கல்யாண வீட்டுப் பந்தலில் கட்டுகிற தகரப் புனலை.

அது வீட்டுக்கு ஆகாது என்று இராமதாஸ் எவ்வளவோ சொன்னார். அவள் கேட்கவில்லை. மாட்டினார். அது அலறிய அலறலில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார், ரிக்‌ஷாக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். தனக்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு புருஷன் முகத்தையே பார்த்தாள். கன்னியப்பன் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான். பொத்திய காதுகளையெல்லாம் பார்த்தான்.

"கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி," என்றான்.

கேட்டுவிட்டது. தனக்கொடிக்குத் தலைகால் புரியவில்லை. அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக அங்கேயே வேண்டிக்கொண்டாள். சத்தம் ஜாஸ்தி என்று அவனே சொன்ன பிறகு தகரம் எதற்கு, வேறு மாட்டுங்கள் என்றாள். இராமதாஸ் ரேடியோவை அணைத்து, ஒயரைக் கழற்றி, தேக்குப் பலகையில் செய்த ஒரு பெட்டி ஸ்பீக்கரில் மாட்டிவிட்டு மறுபடி போட்டார்.

அந்தக் காலத்து ரேடியோவில் ஒரு சங்கதி உண்டு. போட்டதும் முகப்பில் விளக்கு எரியும். ஆனால் உள்ளே இருக்கும் வால்வு சூடாகும்வரை பாட்டு வராது. விளக்கு எரிந்தது. கன்னியப்பன் கண்ணை மூடினான். தலை மெல்ல ஆடியது. விரல்கள் தொடையில் தாளம் போட ஆரம்பித்தன.

கடையில் ஒரு சத்தமும் இல்லை.

இராமதாஸ் அவனைப் பார்த்தார், தனக்கொடியைப் பார்த்தார். தனக்கொடிக்கு அப்போதுதான் புரிந்தது. புனலைக் கேட்டுச் சொல்லவில்லை, பொத்திய காதுகளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். அழுதிருப்பாள். அதற்குள் கன்னியப்பன் கண்ணைத் திறந்துவிட்டான். இரண்டு பேரும் தன்னையே பார்ப்பது கண்டு அவன் முகம் லேசாக மாறியது. விரல்கள் நின்றன.

தனக்கொடி யோசிக்கவே இல்லை. தானும் தலையை ஆட்ட ஆரம்பித்தாள். பிரமாதமான நாயனத்தைக் கேட்பவள்போல, உச்சுக் கொட்டி, கையை வேறு விரித்து ஆட்டினாள். எதிர்க்கடைக்காரர் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். இராமதாஸ் நல்ல மனுஷர். ஒரு நொடி திகைத்துவிட்டு அவரும் தலையாட்டினார். மூன்று பேரும் இல்லாத நாயனத்தை ரசித்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம்தான் உண்மையான நாயனம் மெல்ல வந்தது.

அவளுக்கு அது காதில் ஏறவில்லை. வேண்டாம், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இராமதாசிடம் சைகை காட்டினாள். கன்னியப்பனோ வியாபாரம் முடிந்துவிட்டது, கிளம்பச் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டான். பாடிக்கொண்டிருந்த பெட்டியை ஒயரோடு அப்படியே தூக்கினான். கட்டுமரக்காரன் எதையும் இடுப்பில் வைக்கமாட்டான். தோளில் ஏற்றி, தாடையோடு அணைத்துப் பிடித்தான்.

பிடித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

ஒயரைப் பிடுங்க வந்த இராமதாசின் கையை மற்றக் கையால் தடுத்தான். தாடையை இன்னும் அழுத்திக்கொண்டான். கண்ணை மூடவில்லை. அகலமாகத் திறந்து தனக்கொடியைப் பார்த்தான். தொங்கிய கையின் விரல்கள் தொடையில் தட்ட ஆரம்பித்தன. தனக்கொடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தவில் விழுந்த இடத்தில் விரல் விழுந்தது. தவில் நின்றபோது விரல் நின்றது.

"தனம்," என்றான். "ரெண்டு தவிலு."

இரண்டு தவில்தான். இராமதாஸ் தலையைத் திருப்பிக்கொண்டு ஒயர் எதையோ தேடினார்.

மறுநாள் மாலை ரேடியோவையும் பெட்டியையும் இராமதாசே கொண்டுவந்து மாட்டிக்கொடுத்தார். குப்பத்தில் பாதிப் பேர் அவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே எத்தனை நேரம் நிற்பது? கன்னியப்பன் வெளியே போய்ப் பழைய துடுப்பு ஒன்றை எடுத்துவந்தான். அதன் பலகையைப் பெட்டியில் முட்டுக்கொடுத்து, காம்பைத் தாடையில் சாய்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான். அண்ணன் ரேடியோவுக்குள்ளே கத்தாழை தேடுறாரு என்று அம்மாவாசை சொல்ல, வீடே சிரித்தது, ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தனக்கொடிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். நிகழ்ச்சி முடிந்து விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒவ்வொருவராகப் போனார்கள்.

ரேடியோவை அணைத்தாள். கன்னியப்பன் துடுப்பை வைக்கவில்லை.

"நேத்து கடையில, பாட்டு வரதுக்கு முன்னாலயே ஆட்டிட்டேனா?" என்று கேட்டான்.

தனக்கொடி ஒன்றும் தெரியாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அப்புறம் நீ ஏன்டி ஆட்டுன? உனக்கு நாயனம்னாலே ஆவாதே."

மாட்டிக்கொண்டாள். இவன் இவளை அறியாதவனா? அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தெரியும் என்று தலையசைத்தாள். வீராம்பட்டினத்துப் பக்கம் கையைக் காட்டி, தொடையில் தாளம் போட்டுக் காட்டினாள்.

"அதான் ஏசுறத நிறுத்திட்டியா? கேக்கலன்னாலும் நீ வாயாடுறதப் பாத்துனு இருந்தேன். அதுவும் நின்னதும் வூடு பயமாயிட்டுது."

பிறகு துடுப்பின் பலகையைப் பெட்டியிலிருந்து எடுத்து அவள் பக்கம் திருப்பினான். கழுத்துக்குக் கீழே, நெஞ்செலும்பின்மேல் மெதுவாக வைத்தான். காம்பைத் தன் தாடையில் அழுத்திக்கொண்டான்.

"பேசு," என்றான்.

பெரிய மார்க்கெட்டையே கூவி அடக்கும் தனக்கொடிக்குச் சொல்வதற்கு எவ்வளவோ சேர்ந்திருந்தது. எதை முதலில் சொல்வது? துடுப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். கடைசியில் வந்தது பழைய பேச்சுதான்.

"எத்தினி வாட்டி கூப்புடறது, காதுல விழல?"

கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

"விழுதுடி," என்றான். "இன்னும் ஏசு."