குழாயடிக்கு வந்த ஆத்தா

தன் மாவு மில்லைப் பற்றிப் பேசத் தொடங்கினால் குணசுந்தரிக்கு வாய் ஓயாது. மாரிகுப்பத்தில் அவள் இருந்த சுரங்கத் தொழிலாளர் லைனில் முதல் கரண்டு மில்லு அது. புருஷன் கங்காதரன் ராபர்ட்சன்பேட்டை மளிகைக் கடையைப் பார்த்துக்கொண்டான். மில்லு முழுக்க அவள் ராஜ்யம். மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் அவள் கைதான். வயரிங் யார் செய்தது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மாவு சலிப்பதைக்கூட நிறுத்திவிடுவாள்.

"என் தம்பி ராஜேந்திரன். மைன்ஸ்ல எலெக்ட்ரிக் டிபார்ட்மெண்டு. எட்டாயிரம் அடிக்குக் கீழ கரண்டு கொண்டுபோறவன், எட்டடி செவுத்துல போடமாட்டானா?"

கேட்டவர்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்தத் தங்கச் சுரங்க ஊரில் மைன்ஸ்காரனுக்கு அப்படி ஒரு மதிப்பு. பூமிக்குள் இறங்கி ஏறுகிறவனுக்குத் தெரியாதது தரைமேல் என்ன இருந்துவிடப் போகிறது? ராஜேந்திரன் அங்கே எலெக்ட்ரீஷியனுக்குக் கட்டிங் பிளேயர் எடுத்துக் கொடுக்கும் ஹெல்ப்பர். அது அக்காளுக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

லைசென்சு உள்ள காண்ட்ராக்டர் ஒருவரைக் கங்காதரன் முதலில் அழைத்து வரத்தான் செய்தான். ஏனோக் என்று பெயர். அவர் மில்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்பக்கம் ஆழமாகக் குழி வெட்டிச் செப்புத் தகடு புதைத்து, கரியும் உப்பும் கொட்டி, கசியும் கரண்டு மண்ணுக்குள் இறங்கிவிட மோட்டாருக்கு எர்த் எடுக்க வேண்டும் என்றார். மின்சார ஆபீசிலிருந்து வந்து சோதிக்கும் வரை மோட்டாரைத் தொடக்கூடாது என்றும் சொன்னார்.

"கரியும் உப்பும் போட்டுப் பொதைக்க அது இன்னா கருவாடா?" என்றான் ராஜேந்திரன்.

குணசுந்தரி சிரித்த சிரிப்பில் ஏனோக் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ராஜேந்திரன் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேலையை முடித்தான். பாறையில் குழி வெட்ட அவனுக்கென்ன பைத்தியமா? சுரங்கத்தில் லெவல் லெவலாக இரும்புக் குழாய் ஓடும். எர்த் ஒயரை அதில் கட்டியிருப்பதை அவன் பார்த்திருக்கிறான். மில்லுக்குப் பின்னாலும் பாறைமேல் ஓர் இரும்புக் குழாய் போயிற்று. அதில் கட்டினான். ஃபியூஸ் அடிக்கடி போகுமே என்று அதன் இடத்தில் தடித்த கம்பியை முறுக்கினான். ஆபீசுக்குக் கொடுக்க வேண்டிய காகிதத்தில் பங்காருபேட்டையில் லைசென்சு உள்ள யாரோ ஒருவரிடம் கையெழுத்து வாங்கி வந்தான். அந்த மனுஷருக்கு மில்லு எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூடத் தெரியாது. மில்லுக்குப் பின்னால் போன குழாயோ, நேராக லைனின் பொதுக் குழாயடியில் போய் முடிந்தது.

ஆனி மாத மழையில் மில்லுச் சுவர் ஊறியது. அதன்பிறகுதான் குழாயடியில் அதிசயம் தொடங்கியது. கோயில் கூழ் ஊற்றும் காரியங்களை நடத்துகிற பக்கத்து வீட்டு வெங்கடம்மா பித்தளைக் குடத்தை வைத்துக் குழாயைத் திறந்தபோது கை வழியாகச் சுர்ரென்று ஏறி உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறுநாள் அதே லைனில் இருந்த முனியப்பன் பெண்சாதிக்கும் அப்படியே. ஆடி பிறக்கும் நேரம் வேறு. மூன்றாம் நாள் குழாய்க்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டியாகிவிட்டது. ஆடி இரண்டாம் வெள்ளிக்கு லைனில் உள்ள அத்தனை பேரும் ஈரத்துணியோடு வந்து குழாய்க்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது, பிள்ளைகளைக் குழாயைத் தொட்டுக் கும்பிட வைப்பது என்று வெங்கடம்மா ஏற்பாடு செய்துவிட்டாள். கூழுக்கான கேழ்வரகு மூட்டைகள் குணசுந்தரி மில்லில் வந்து இறங்கின. ஆத்தா தன் மில்லுக்குப் பக்கத்திலேயே வந்து இறங்கியிருக்கிறாள் என்று அவளுக்கும் பெருமைதான்.

அந்த வாரம் புதன்கிழமை வெங்கடம்மா கேழ்வரகோடு வந்தவள் குறைப்பட்டுக்கொண்டாள்.

"நேத்து அமாவாசையும் அதுவுமா ஆத்தா வரவேயில்லடி. காலையிலேர்ந்து தொட்டுத் தொட்டுப் பாத்தேன். இன்னிக்கு மறுபடியும் வந்துட்டா."

குணசுந்தரியின் கையில் சல்லடை நின்றது. நேற்று அமாவாசை என்று மில்லுக்கும் லீவு.

வெங்கடம்மா போனதும் மோட்டாரை ஓடவிட்டபடியே குழாயடிக்குப் போய்ப் புறங்கையால் குழாயைத் தொட்டாள். சுள்ளென்று கடித்தது. திரும்பி வந்து மோட்டாரை நிறுத்திவிட்டுப் போய்த் தொட்டாள். வெறும் இரும்பு. மறுபடியும் மோட்டாரைப் போட்டுவிட்டுப் போனாள். குழாயில் கை வைக்கப் போகும்போது அவளுடைய பத்து வயது மகள் மாலா, ஈரப் பாவாடையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். குணசுந்தரி குடத்தைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், மெயின் சுவிட்சை அணைத்து, மில்லைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள்.

ஷிஃப்டு முடிந்து வந்த ராஜேந்திரனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் வெளுத்தாலும் வாய் சளைக்கவில்லை.

"இதுக்கா இப்படி பயந்துகினு கீற? கொழாயிலேர்ந்து ஒயர கழட்டிடறேன். யாருக்கும் தெரியாது. நாளைக்கு நீ பாட்டுக்கு மில்லு ஓட்டு."

"கழட்டிட்டா அந்தக் கரண்டு எங்க போவும்?"

அவன் பூட்டிக் கிடந்த மில்லைத் திரும்பிப் பார்த்தான்.

"மிசின்லதானே நிக்கும்? நான் தொடுவேன். மாவு திரிக்க வர்றவ தொடுவா. சரி, அத வுடு. இந்த மாதிரி இன்னும் எத்தினி வீட்டுக்குப் போட்டிருக்கே?"

ராஜேந்திரன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். "நாலு."

"எல்லாம் கொழாயிலதானா?"

"எல்லாம் கொழாயிலதான்."

ஊருக்குத் தெரிந்தால் மில்லுக்கு இனி ஒரு படி கேழ்வரகு வராது. அவளுக்கு அது தெளிவாகவே தெரிந்தது. சொல்லாவிட்டால் அந்த நாலு வீட்டில் எவளோ ஒருத்தி குடத்தோடு விழுவாள். குணசுந்தரி முகத்தைக் கழுவிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்கு பஸ் ஏறினாள்.

ஏனோக் அவளைப் பார்த்ததும், "இன்னாம்மா, கருவாடு பொதைக்கணுமா?" என்றார்.

"பொதைக்கணுங்க. அதுக்கு முந்தி உங்க லைசென்ஸ காட்டுங்க."

அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவர் சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைக் கழற்றிக் காகிதத்தை உருவிக் கொடுத்தார். அவள் முன்பக்கம் படித்தாள், புதுப்பித்த தேதி இருந்த பின்பக்கமும் படித்தாள். படித்த பிறகுதான் குழாயடிக் கதையைச் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்த ஏனோக்கின் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது.

வியாழன் காலை, தண்ணீர் வரும் நேரம். குழாயடியில் லைனே நின்றது. குணசுந்தரி கயிறு கட்டி எல்லாரையும் தள்ளி நிறுத்தினாள். ஏனோக் ஒரு ஜீரோ பல்பின் ஒரு ஒயரைக் குழாயில் மாட்டினார். இன்னொன்றைச் சாக்கடை ஓரத்து ஈரமண்ணில் அடித்த இரும்புக் கம்பியில் மாட்டினார்.

"தம்பி, மோட்டார போடு" என்று குணசுந்தரி மில்லுக்குள் இருந்த ராஜேந்திரனைப் பார்த்துக் கத்தினாள்.

மில்லு ஓடியது. வேப்பிலைக்கு நடுவில் பல்பு மினுக்கென்று எரிந்தது. கூட்டத்தில் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"நிறுத்து."

பல்பு அணைந்தது. மறுபடியும் போடச் சொன்னாள், மறுபடியும் நிறுத்தச் சொன்னாள். நாலாவது தடவை கன்னத்தில் போட்டுக்கொள்ள ஒரு கைகூட எழும்பவில்லை.

வெங்கடம்மாவுக்கு ஆத்திரமும் அவமானமும் பொங்கின. "ஆத்தாவையா பொய்யின்னு சொல்ற?"

"ஆத்தா பொய்யில்லக்கா. என் மில்லுதான் அவ பேர சொல்லிகினு வந்துது. தப்பு என்னுது. லைசென்சு இல்லாத ஆள வச்சேன். தம்பின்னு வச்சேன், மைன்ஸ்காரன்னு வச்சேன். நாளைக்கு நீங்க தண்ணி ஊத்தியிருந்தா எத்தினி பேர தூக்கியிருப்போமோ, எனக்குத் தெரியாது." அவள் மில்லைப் பார்த்துக் கையை நீட்டினாள். "இவன் இன்னும் நாலு வீட்டுக்குப் போட்டிருக்கான். டேய், வா வெளிய. பேர சொல்லு."

ராஜேந்திரன் வந்து நின்று நாலு பேரையும் சொன்னான். பேர் சொல்லச் சொல்ல அந்தந்த வீட்டுக்காரர்கள் மெயினை அணைக்க ஓடினார்கள்.

"நாளைக்குக் கூழுக்கு மாவு?" என்றாள் வெங்கடம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டே.

"வீட்டுக்கு வீடு கையால சுத்துற கல்லு எந்திரம் கீது. மொத மூட்ட நான் திரிக்கிறேன்."

திரித்தாள். வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றும்போது அவள் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். தண்ணீரைக் கோயிலில் ஊற்றினார்கள், குழாயில் ஊற்றவில்லை.

அதன்பிறகு மில்லுக்குப் பின்னால் குழி வெட்டும் வேலை நடந்தது. பாறையை உளியால் கொத்திக் குழி இறக்கியது ராஜேந்திரன். கரி மூட்டையையும் உப்பு மூட்டையையும் தலையில் சுமந்து வந்து கொட்டியதும் அவனே. ஏனோக் மேலே நின்று ஒவ்வொரு அடுக்கையும் பார்த்தார். மில்லிலும் அந்த நாலு வீட்டிலும் பழைய ஒயர் முழுக்கப் பிடுங்கப்பட்டது. ஆபீசிலிருந்து ஆள் வந்து மானி வைத்துச் சோதித்து, காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் போனார். இருபத்திரண்டு நாள் கழித்து மோட்டார் மறுபடியும் ஓடியது.

மோட்டார் ஓடியது சரி, குழாயடிக்கு யாரும் வரவில்லை. அத்தனை நாளும் அடுத்த லைனுக்குப் போய்த் தண்ணீர் சுமந்தவர்கள், இப்போது குடங்களோடு தூரத்தில் நின்று பார்த்தார்கள். குணசுந்தரி மில்லை ஓடவிட்டு வெளியே வந்தாள். செருப்பைக் கழற்றினாள். ஈரமேடையில் ஏறி, ஒரு சொம்புத் தண்ணீரைத் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் குழாயைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். மாவு அரைபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு குழாயைத் திறந்து குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, "மாலா, உன் கொடத்த எடுத்துகினு வா" என்றாள்.

மாலா வந்து நிரப்பினாள். அப்போதுதான் வெங்கடம்மா மெல்ல நடந்து வந்தாள். பித்தளைக் குடத்தை மேடையில் வைக்கவில்லை. இடுப்பிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வேல செஞ்சவரு லைசென்ஸ பாத்தியாடி?"

"முன்பக்கமும் பாத்தேன், பின்பக்கமும் பாத்தேன்க்கா."

"எம் மருமவன் ரூம்பு கட்டப்போறான். அவரு வந்தா எனக்கும் காட்டச் சொல்லு" என்று வெங்கடம்மா குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.