பதினெட்டுப் பேரை ஏற்றி எடுத்த அளவு

எட்டாம் வளைவில் கெப் நின்றபோது நான் கேட் பாஸ் எழுதிக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. பொறியியல் தொழில்நுட்பம் நான்கு வருடம் படித்தேன். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். "தொழில்நுட்ப உதவியாளர்" என்று கடிதம் கொடுத்துத் தேயிலைத் தோட்டத்துக் கராஜில் சேர்த்துக்கொண்டவர்கள், சேர்ந்த அன்றே ஒரு மேசையையும் கேட் பாஸ் புத்தகத்தையும் காட்டினார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போகிறது, என்ன கொண்டுபோகிறது என்று பதினொரு மாதம் எழுதினேன். ஒரு ஸ்பானரைக்கூட யாரும் என் கையில் தரவில்லை.

ஆண்டியப்பன் அண்ணன் மழையில் நனைந்து நடந்தே இறங்கி வந்தார். தோட்டத்துக்கு இருப்பது பின்பெட்டி வைத்த இந்த ஒரே கெப், அதற்கு அவர்தான் டிரைவர்.

"முடிஞ்சிருச்சு புள்ள. மிதிக்கிறேன், எஞ்சின் கத்துது, வண்டி அசையல. கருகின வாட வேற."

"என்ன ஏத்துனீங்க?"

"இருவது மூட்ட உரம். தொரதான் ஏத்தச் சொன்னாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. அது ஆட்டோ கியர் வண்டி. கொழும்பில் தார் ரோட்டில் ஏசி போட்டுக்கொண்டு போவதற்கு நல்ல கியர்தான். எங்கள் கீழ்க்கணக்கிலிருந்து தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்குக்கு ஒன்பது வளைவு, பாதி கல், பாதி சேறு. அந்த ஏற்றத்தில் பத்து வருடம் சுமை இழுத்து, கியர் பெட்டி உள்ளுக்குள்ளேயே வெந்துபோயிருந்தது.

மேக்கணக்கில் நூற்றுப்பத்துக் குடும்பம். பஸ் கிடையாது. திரீவீல் ஐந்தாம் வளைவுக்கு மேல் வராது. யாருக்காவது நெஞ்சு வலித்தாலும் இடுப்பு வலித்தாலும் லிந்துலை ஆஸ்பத்திரிக்கு இறக்க இந்தக் கெப்தான். போன ஐப்பசியில் கெப் சர்வீசுக்குப் போயிருந்த அன்று எங்கள் லயத்து வீரம்மா பெரியம்மாவின், மேக்கணக்கில் வாழ்க்கைப்பட்ட மகளை டிரக்டர் பெட்டியில் ஏற்றி இறக்கினார்கள். ஐந்தாம் வளைவில், மழையில், தார்ப்பாய்ப் படங்குக்கு அடியில் பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளையை இன்றைக்கும் லயத்தில் "டிரக்டர் குட்டி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை ஆபிசில் தோட்டத்து மேனேஜர் தொரை சொன்னார், அந்த மாதிரி ஆட்டோ கியர் பெட்டி கொழும்பில் இல்லையாம். பழைய இரும்புக்கு வாங்குகிற ஆள் ஒருத்தர் சனிக்கிழமை பெரிய லொறி கொண்டுவந்து கெப்பை ஏற்றிக்கொண்டு போவாராம்.

"மேக்கணக்கு ஆளுங்களுக்கு?" என்று கேட்டேன்.

"டிரக்டர் இருக்குத்தானே," என்றார்.

காது சுட்டது. "மெனுவல் கியர் பெட்டி நான் மாட்டுறேன் சேர். நம்ம இரும்புக் கொட்டில்ல ஒன்னு கெடக்கு."

பக்கத்தில் கோப்போடு நின்ற பெரிய கிளாக்கர் செல்லசாமி வாயைக் கோணினார். "மிஸ், கேட் பாஸ் எழுதுற கையில கிரீஸ் பட்டா புத்தகம் அழுக்காயிரும்."

தொரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ செய்யும்? சரி. சனிக்கிழமை காலைலே வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டு முடிஞ்சு, ஆள் ஏத்திட்டு மேலே போகணும். போகல்லேன்னா லொறிக்கு குடுக்கும். பொறகு என் கிட்டே அழ வேணாம்."

நான் அழுகிற ஆள் இல்லை. வெளியே வந்ததும் நேரே இரும்புக் கொட்டிலுக்குப் போனேன். வாயை விட்டாயிற்று.

கொட்டிலில் கிடந்தது பழைய கெப் ஒன்று. பல வருடத்துக்கு முன் பள்ளத்தில் உருண்டு, கூரை நசுங்கி, கோழி முட்டையிடுகிற இடமாகிவிட்டது. ஆனால் அடியில் கியர் பெட்டியும், அதோடு சேர்ந்து நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற போர்வீல் பெட்டியும் முழுசாக இருந்தன. இரண்டும் ஒரே கம்பெனி வண்டி. அது போதாது. எஞ்சினின் முதுகில் உள்ள போல்ட் ஓட்டைகளும் இதுவும் பொருந்த வேண்டும்.

பெக்டரியிலிருந்து தேயிலை கட்டுகிற காகிதச் சாக்கு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். ஆண்டியப்பன் அண்ணனும் நானும் பழைய கெப்பின் பெட்டியைக் கழற்றியதும், அந்தக் காகிதத்தை அதன் வாயில் விரித்து எண்ணெய்க் கையால் தேய்த்தேன். ஓட்டை ஓட்டையாகக் கறுப்பு வட்டம் விழுந்தது. டிரக்டர் போய்க் கெப்பைக் கட்டி இறக்கி வந்த பிறகு, வெந்த பெட்டியை இறக்கிவிட்டு அதே காகிதத்தை எஞ்சினின் முதுகில் பிடித்தேன். ஒன்பது ஓட்டை. ஒன்பதும் பொருந்தின. முன் சக்கரத்துக்குச் சுழற்சி போகிற வாய் இரண்டிலும் ஒரே பக்கம். அது மாறியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

"காயிதத்துலயே மாட்டிப்புட்டியே!" என்றார் ஆண்டியப்பன் அண்ணன்.

மிச்சத்தை இரும்பில் மாட்ட வேண்டுமே. அதற்கு, அண்ணன் முறை வைத்து 'நானா' என்று நாங்கள் கூப்பிடும் ரிஸ்வி வேண்டியிருந்தார். லிந்துலையில் அவருக்குக் கராஜும் லேத்தும் உண்டு. வெல்டிங் என்றால் அவர்தான். வண்டியைத் தூக்குகிற ஜொக், சங்கிலி எல்லாம் எடுத்துக்கொண்டு புதன்கிழமை எங்கள் கொட்டிலுக்கு வந்தார். வந்தவர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மெக்கானிக் பாஸ் எங்க?"

"நான்தான்."

"அல்லாஹ்," என்று சொல்லி ஜொக்கைக் கீழே வைத்தார். "ஆட்டோ ஈந்த எடத்துல மெனுவல் வெக்கிறது லேசில்ல தங்கச்சி. மூணாவது பெடல் வேணும், கிளச் வேணும், பிளைவீல் மாத்தோணும்."

"எல்லாம் அந்தக் கெப்புல இருக்கு நானா. கழட்டி மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டாச்சு."

போய்ப் பார்த்தார். மூன்று வாளி. ஒவ்வொரு வாளியிலும் நான் எழுதி ஒட்டிய துண்டு. சட்டைக் கையை மடித்தார்.

இரண்டு நாள் வேலை செய்தோம். கிளச் பெடலுக்காக முன்தகட்டை வெட்டினோம். எஞ்சின் தண்டின் நுனியில் ஆட்டோ வண்டியில் இல்லாத ஒரு சின்ன பேரிங் வேண்டும், கியர் தண்டின் மூக்கு அதில்தான் உட்காரும். பழைய கெப்பிலிருந்து அதைப் பிடுங்கி வைத்திருந்தேன். பெட்டி ஏறியது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை.

"பெட்டரி போயிட்டு," என்றார் ரிஸ்வி நானா.

"பெட்டரி நல்லாருக்கு. இது ஆட்டோ வண்டி. கியர் 'பார்க்'ல நிக்குதான்னு பார்த்துத்தான் ஸ்டார்ட் ஆகும். இப்ப பார்க்கே இல்ல. அது காத்துக்கிட்டு நிக்குது."

பெட்டிக்கு மேலே தொங்கிய வயர்க்கட்டில் இரண்டைத் தேடி எடுத்து முறுக்கினேன். எஞ்சின் பிடித்தது.

"இது எந்தக் கிதாபுல ஈக்கி?"

"நான் நாலு வருசம் படிச்ச கிதாபுல," என்றேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

சண்டை வந்தது வெள்ளிக்கிழமை பின்னேரம். இப்போது மாட்டிய பெட்டி ஆட்டோ பெட்டியைவிட நீளம் குறைந்தது. அதனால் பின் சக்கரத்துக்குப் போகிற ஷாப்ட் எட்டவில்லை, இரண்டு வண்டி ஷாப்டையும் வெட்டி ஒன்றாக ஒட்ட வேண்டும். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் ரிஸ்வி நானா டேப் பிடித்து அளந்து, சோக்கால் கோடு போட்டு, வெட்டுகிற மெஷினைக் கையில் எடுத்துவிட்டார். கெப் மரக்கட்டைகளின் மேல் நின்றது. நாலு சக்கரமும் அந்தரத்தில் தொங்கின.

"வெட்டாதீங்க நானா!"

"ஏன்?"

"சக்கரம் தொங்குறப்ப அளந்தா அளவு பிழை. சுமை ஏறினா ஸ்பிரிங் பட்டை நிமிரும். நிமிந்தா பின் அச்சு பின்னால போகும். அப்ப ஷாப்ட் குட்டையாயிரும்."

"முப்பது வருசமா வெட்டி ஒட்டுறன் புள்ள. ஒண்டும் கழண்டதில்ல."

"டவுன்ல ஓடுற வேனுங்களுக்கு ஒட்டியிருப்பீங்க. இது வெறுமையா ஏறுற வண்டி இல்ல. எப்பயும் ஆளோடதான் ஏறும். மூட்டையோடதான் ஏறும். ஏத்தி வெச்சுத்தான் அளக்கணும்."

"எதை ஏத்துற? ஒங்க கிளாக்கர் ஸ்டோர் சாவிய எடுத்திட்டுப் போயிட்டாரு."

போய்விட்டார்தான். உர மூட்டை எல்லாம் பூட்டுக்குள். நாளைக் காலை பெரட்டு. மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு நானா நிற்கிறார். எனக்கு அந்தப் பூட்டை உடைக்கலாம் போலிருந்தது.

அப்போதுதான் பறித்த தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்து முடித்த பெண்கள் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு கொட்டில் பக்கமாக வந்தார்கள். முன்னால் வீரம்மா பெரியம்மா.

"பெரிம்மா! எல்லாரும் கொஞ்சம் கெப்புல ஏறுங்க."

"எங்கடி கூட்டிட்டுப் போற?"

"எங்கயும் இல்ல. சும்மா ஏறி நிக்கணும்."

"நாள் முழுக்க மலையில நின்னது பத்தாதா? இங்கயும் நிக்கச் சொல்ற!"

ஆண்டியப்பன் அண்ணன் கட்டைகளை எடுத்துக் கெப்பை நிலத்தில் இறக்கினார். நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தோம். பெண்கள் ஒவ்வொருத்தராக ஏறினார்கள். கடைசியில் நின்ற என் அம்மா தலையை ஆட்டினாள். "நா ஏறல. அப்பறம் வண்டி ஒடஞ்சா என் எடையாலன்னு சொல்லுவாங்க."

"ஒன் எடைய இன்னைக்கித்தான்டி ஒருத்தி நேர்மையா நிறுக்கிறா, ஏறு!" என்று வீரம்மா பெரியம்மா கையைப் பிடித்து இழுத்தாள். பின்பெட்டி முழுக்கச் சிரிப்பு. தராசடியில் நாள்தோறும் தண்ணிக்கு, சாக்குக்கு என்று கொழுந்தில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்பது அந்தப் பதினெட்டுப் பேருக்கும் தெரியும்.

பதினெட்டுப் பேர். கிட்டத்தட்ட இருபது மூட்டை உரம். ஸ்பிரிங் பட்டை முனகிக்கொண்டு நிமிர்வதை அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். டேப்பின் ஒரு முனை என் கையில், மறுமுனை ரிஸ்வி நானா கையில்.

"எவ்வளவு நானா?"

அவர் டேப்பை இழுத்துப் பிடித்தார்.

"நானா?"

"இரி, இரி." மறுபடி பிடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இருவத்திரெண்டு மில்லிமீட்டர் கூட."

பழைய சோக்குக் கோட்டைக் கட்டை விரலால் அழித்தார். புதுக் கோட்டை என்னைப் போடச் சொன்னார். "நான் வெட்டீந்தா," என்றார், "சனங்கள ஏத்திட்டுப் போற நேரம், ஷாப்ட் பல்லு விட்டுக் கழண்டீக்கும்."

மேலேயிருந்து குரல் வந்தது. "அடியே, எறங்கலாமா? இல்ல இங்கயே சோறு கொண்டாந்து குடுப்பியா?"

இருட்டுவதற்குள் நானா ஷாப்டை லிந்துலைக்கு எடுத்துப்போனார். விடியும்போது ஒட்டி, லேத்தில் சுழற்றிப் பார்த்து, மஞ்சள் பெயின்ட் கூட அடித்துக் கொண்டுவந்தார்.

சனிக்கிழமை. பெரட்டு முடிந்தது. அன்று மேக்கணக்கு மலையில்தான் கொழுந்து. முந்தின நாள் ஏறிய பதினெட்டுப் பேரே ஏறினார்கள். மூன்று பேர் புதுசாக ஏறப் பார்த்தார்கள். "அளவெடுத்தவங்க மட்டும்தான்!" என்று வீரம்மா பெரியம்மா விரட்டிவிட்டாள். ஆண்டியப்பன் அண்ணன் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில். தொரை மோட்டார் சைக்கிளில் முன்னமே போய்விட்டார். எங்கே போய் நிற்பார் என்று எனக்குத் தெரியும்.

முதல் வளைவு, மூன்றாம் வளைவு, டிரக்டர் குட்டி பிறந்த ஐந்தாம் வளைவு. கெப் ஏறியது. அடியிலிருந்து வரும் ஒவ்வொரு சத்தத்தையும் காது தனித்தனியாகப் பிரித்தது. ஒன்றும் தட்டவில்லை.

எட்டாம் வளைவில் தொரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நனைந்த கல்லில் வண்டி ஏறுகிற நேரம், பத்து வருடம் ஆட்டோ ஓட்டிய பழக்கத்தில் ஆண்டியப்பன் அண்ணன் கிளச்சை மறந்து பிரேக்கை மட்டும் மிதித்தார். எஞ்சின் குலுங்கி நின்றது. வண்டி இரண்டடி பின்னால் வழுக்கியது. பின்னால் கூச்சல். ஹேன்ட்பிரேக்கை நான்தான் இழுத்தேன்.

அவர் முகத்தில் வேர்வை. "இடது காலு இருக்கிறதே மறந்து போச்சு புள்ள."

"பரவால்ல அண்ணே. கிளச்ச மிதிங்க. போர்வீலோட சின்ன லிவர 'லோ'வுல போடுங்க. மொத கியர். மெதுவா."

தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. எஞ்சின் பிடித்தது. கிளச் கடித்தது. பதினெட்டுப் பேரின் பாரமும் பின் அச்சில் இறங்க, மஞ்சள் ஷாப்ட் எங்கள் காலுக்கு அடியில் சுழன்றது. நாலு சக்கரமும் கல்லைப் பிடித்துக்கொண்டன. ஒரு ஆள் நடக்கிற வேகத்தில், அவசரமே இல்லாமல், தொரையின் சப்பாத்துக்கு முன்னாலேயே கெப் ஏறிப் போனது. பின்பெட்டியில் குலவைச் சத்தம் கிளம்பியது. ஒன்பதாம் வளைவைத் தாண்டி மேக்கணக்கு லயத்தடியில் நின்றபோதும் அது ஓயவில்லை. வாசலில் நின்ற மகளின் கையிலிருந்து வீரம்மா பெரியம்மா டிரக்டர் குட்டியைத் தூக்கி, ஓட்டுகிற சீட்டில் உட்கார வைத்தாள். அது ஹாரனை அமுக்கிவிட்டது.

தொரை பின்னால் வந்தார். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. "வண்டி இருக்கும்," என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

பத்து மணிக்கு நாங்கள் கீழே வந்தோம். இரும்புக்காரரின் பெரிய லொறி கேட் வாசலில் நின்றது. ஏற்றுவதற்கு ஒன்றும் இல்லை என்று அதன் டிரைவருக்கு யாரோ சிங்களத்தில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்கள். செல்லசாமி கேட் பாஸ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தார்.

"மிஸ், லொறிக்கு பாஸ் எழுதணும்."

நான் கெப்புக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டினேன். ஷாப்ட் போல்டுகளை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நீங்களே எழுதுங்க கிளாக்கரய்யா. என் கையில கிரீஸ். புத்தகம் அழுக்காயிரும்."

அவர் புத்தகத்தைக் கெப்பின் பொனட்டில் விரித்தார். பிறகு பேனாவைத் திறந்தார். "கொண்டுபோற பொருள்னு என்னத்த எழுத?"

"ஒன்னுமில்லன்னு எழுதுங்க."