குழிக்குள் போன மஞ்சள் அட்டை

பால் வாளியைக் கழுவிக் கையில் எடுத்த பிறகுதான் வசந்தமலருக்கு நினைவு வரும், கறப்பதற்கு மாடு இல்லையென்று. வெள்ளம் வடிந்து மூன்று வாரமாகியும் கை பழக்கத்தை விடவில்லை. அருவியாறு பெருகிவந்த அன்று ஆறு மாடுகளும் பட்டிக்குள்ளேயே செத்துப்போயின. கணவனை இழந்த அவளும் மகள் தக்சிகாவும் அந்தப் பாலில்தான் சீவித்தார்கள்.

பால் தந்த வாயில்லாச் சீவனை நாய் இழுக்க விடுவாளா? பக்கத்து வளவுச் சுகந்தனைக் கூப்பிட்டுக் குழி வெட்டி, மஞ்சளும் உப்பும் தூவி, தண்ணீர் வடிந்த அன்றே தாட்டுவிட்டாள். அவள் செய்த பிழை அதுதான். மரியாதை பிழையாகுமா என்று கேட்பீர்கள். அரசாங்கக் கந்தோரில் ஆகும்.

இழந்த மாட்டுக்கு அரசாங்கம் மானியம் தருகிறதென்று கேள்விப்பட்டுக் கந்தோருக்கு ஓடினாள். அலுவலர் நல்ல மனிதர்தான்.

"அம்மா, மாடு உங்களிட்ட இருந்தது பதிவில கிடக்கு. செத்ததுக்கு அத்தாட்சி வேணும். படம் இருக்கோ?"

"செத்ததுகளை ஆர் ஐயா படம் எடுக்கிறது?"

"காதில குத்தின மஞ்சள் அட்டை?"

"மாட்டோடயே தாட்டுப்போட்டன்."

"ரெண்டில ஒண்டு வேணும் அம்மா. நாளைக்குத்தான் கடைசி நாள்."

வெளியே சுவரில் மானியம் கிடைக்கிறவர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. அதில் சுகந்தனின் பெயரும் இருந்தது. இறந்த மாடுகள் ஆறு. மழைக்கு முதல்நாளே தன் மாடுகளை மேட்டிலுள்ள மச்சான் வளவுக்குச் சாய்த்துக்கொண்டு போனவன் அவன். மாடுகளைத் தாட்ட அன்று குழியடியில் அவன் ஏன் அடிக்கடி போனைத் தூக்கினான் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் சொன்னால் நம்புவதற்குச் சாட்சி எங்கே?

நேரே வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்தாள். தோண்டத் தோண்ட நாற்றம் ஏறியது. "வேண்டாம் அம்மா, விடுங்கோ" என்று தக்சிகா கதறினாள். அந்தச் சத்தத்துக்குத்தான் சுகந்தன் ஓடிவந்தான்.

"அக்கா! என்ன செய்யிறியள்?"

அவள் நிமிரவில்லை. "சிவலையின்ர காதை அறுக்கப் போறன். கன்றாய்க் கிடக்கேக்க போத்தலில பால் குடுத்து வளத்தனான். அந்தக் காதுதான் இப்ப வேணுமாம்."

சுகந்தன் குழிக்குள் குதித்து மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டான். "படம் என்ர போனில கிடக்கு அக்கா. நான்தான்..."

"தெரியும்" என்றாள் அவள். "வெள்ளத்துக்கு ஆள் தெரியாது. உனக்கு என்னைத் தெரியுமேடா! கூட நிண்டு மண் போட்டனியே."

அழுதுகொண்டே குழியை மூடினான்.

மறுநாள் காலையில் இருவரும் கந்தோருக்குப் போனார்கள். எத்தனை தரம் கழுவியும் மணம் போகாத கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள் வசந்தமலர். சுகந்தன் போனை மேசையில் வைத்தான்.

"என்ர பேரை வெட்டுங்கோ ஐயா. இதுகள் அக்கான்ர மாடுகள். எனக்கு என்ன தண்டனையெண்டாலும் தாங்கோ. அரசாங்கக் காசுதானே, ஆருக்கு நட்டமெண்டு நினைச்சிட்டன். இழக்காதவன் நிவாரணத்துக்குக் கை நீட்டினா, அவன் பறிக்கிறது பக்கத்து வீட்டுச் சோத்தை எண்டு அந்தக் குழிக்குள்ள நிண்டாப்பிறகுதான் ஐயா விளங்கினது."