பாதி முட்டை

அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த பூனைக்கு முட்டை ஊட்டியவன் அங்கே பயிற்சிக்கு வந்த கால்நடை மருத்துவ மாணவன் என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் மயக்க மருந்துப் பாடத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவன். மயக்கம் கொடுக்கும் முன் வயிறு காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் சாட்சாத் அவனேதான். கூண்டின் மேல் ‘பட்டினி’ என்று அட்டை வேறு தொங்கியது. ஆனால் பூனை அட்டையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தது. வாயைத் திறந்து, சத்தமே வராமல் ஒரு ‘மியாவ்’ சொன்னது. சத்தம் வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அவன் டப்பாவிலிருந்த அவித்த முட்டை உதவியது.

டாக்டரம்மா ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் அவனுக்கு நாக்கு அசைந்தது.

“டாக்டர்... அது கொஞ்சம் சாப்பிட்டிருக்கு.”

“என்ன சாப்பிட்டுச்சு?”

“முட்டை. பாதி.”

“மீதிப் பாதி?”

“அது நான்.”

நர்ஸக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஊசியை வைத்தார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வெளியே காத்திருந்த பூனைக்காரரிடம் போய், அறுவையைத் தள்ளிப்போடுவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். சாயங்காலம் இவனைக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்தார்.

“நீ கொஞ்ச நாள் பிரேக் எடுத்துக்கோப்பா.”

ரொம்ப மெதுவாக, அடிபட்ட நாய்க்குட்டியிடம் பேசுவதுபோல.

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? பிரேக் என்றால் லீவா, இல்லை வெளியே போ என்பதன் நாகரிகப் பெயரா? இந்தக் கோடை விடுமுறைக்குள் பயிற்சி முடியாவிட்டால் கடைசி வருடத்துக்குள் அவனை நுழைய விடமாட்டார்கள். இதையெல்லாம் கேட்டுத் தெளிய ஒரு வாய் வேண்டும். இருந்த ஒரே வாய், “சரிங்க டாக்டர், தேங்க்ஸ்” என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

வீட்டில் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பையனுக்கு லீவு கிடைத்ததற்காக இல்லை. மின்விசிறி துடைக்க ஆள் கிடைத்ததற்காக. அவன் ஸ்டூலில் ஏறி நிற்க, அக்கா கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

“என்கிட்டயும் ஒருத்தன் கொஞ்ச நாள் பிரேக் எடுத்துக்கலாம்னுதான்டா சொன்னான். போன மாசம் அவன் கல்யாணப் பத்திரிகை வந்துச்சு.”

அப்பா இன்னும் ஆழமாக விசாரித்தார்.

“உன்னை நிக்கச் சொன்னாங்களா, போகச் சொன்னாங்களா?”

“ரெண்டும் சொல்லலைப்பா.”

“அப்போ உக்காரு.”

உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே மருத்துவமனைக்குப் போன் போட்டான். நர்ஸக்காதான் எடுத்தார்.

“டாக்டர் ஒரு மாடு பார்க்கப் போயிருக்காங்க தம்பி. நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க.”

“அக்கா, நான் திரும்ப வரலாமா?”

“வராமலா போயிடுவீங்க?” என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அன்று முழுக்க அவன் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான். இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. கல்லூரிப் பேராசிரியரைக் கேட்டால், “அவங்க என்ன சொல்றாங்களோ அதான்ப்பா” என்றார்.

“அவங்க ஒண்ணும் சொல்லலை சார்.”

“அப்போ அதேதான்.”

மதில் மேல் பூனைக்காவது காலுக்குக் கீழே மதில் இருப்பது தெரியும். அவனுக்கு அதுவும் தெரியவில்லை. பொறுக்க முடியாமல் ஒரு காலையில் நேரிலேயே கிளம்பிப் போனான்.

காத்திருக்கும் அறையில் ஒரு நாய் கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் வளையத்தோடு உட்கார்ந்திருந்தது. வரவேற்பு மேசையில் ஒரு புதுப் பெண். அவனுடைய பச்சைக் கோட்டைப் போட்டிருந்தாள். அவன் பேனா கசிந்த கறை பையோரத்தில் அப்படியே இருந்தது.

“பேஷன்ட்டைக் கூட்டிட்டு வரலையா?” என்று கேட்டாள்.

“வந்திருக்கேன்,” என்று சொல்லி நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நாய் அவனை அனுதாபத்தோடு பார்த்ததாகவே அவனுக்குப் பட்டது.

உள்ளே டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார்.

“வாப்பா. நல்லாத் தூங்கினியா? கொஞ்சம் தேவலையா?”

மறுபடியும் அதே மெத்தைக் குரல். அதில் சாய்ந்துகொண்டு, “பரவாயில்லை டாக்டர்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மிச்ச மின்விசிறியைத் துடைக்கலாம். சுகமாகத்தான் இருக்கும்.

“டாக்டர், நான் திரும்ப வரலாமா, வேண்டாமா?”

குழாயை மூடினார். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“அன்னைக்கே சொல்லியிருக்கணும். உன் மூஞ்சியப் பார்த்தேன், எனக்கு வாய் வரலை. அந்தப் பூனை மாதிரியே நின்ன. நீ அதுக்கு முட்டை குடுத்த. நான் உனக்கு ‘பிரேக்’னு ஒரு வார்த்தை குடுத்தேன். நீயாவது ஊசி போடுறதுக்குள்ள சொல்லிட்ட. நான் இவ்வளவு நாள் இழுத்துட்டேன்.”

“அப்போ...”

“வேண்டாம்ப்பா. இந்தத் தடவை இங்க வேண்டாம். காலேஜுக்கு இன்னைக்கே தகவல் சொல்லிடறேன். உனக்கு ஒரு வருஷம் தள்ளிப்போகும், அது எனக்குத் தெரியும்.”

அவன் கதவுவரை போய்த் திரும்பினான்.

“அடுத்த வருஷம் வரட்டுமா டாக்டர்?”

“வந்து கேளு. அப்பவும் வேண்டாம்னா, வேண்டாம்னே சொல்றேன்.”