தையல்காரியின் உறையாத ரத்தம்

தையல்காரி இறந்து இரண்டு மழைக்காலம் போன பிறகும் பரிசோதனைக் கூடத்தில் இருந்த அவள் ரத்தம் உறையவில்லை. குழாயைச் சாய்த்தால் அப்போதுதான் எடுத்ததுபோல் ஓடியது. உடம்புச் சூடும் இருந்தது. குளிர்பெட்டியில் வைத்தால் பக்கத்துக் குழாய்கள் கெட்டன என்பதால், கூடத்துப் பெண் அதைப் பஞ்சு சுற்றி ஜன்னலோரம் வைத்தாள். உறைந்தால்தான் மேலே தெளியும் நீரை எடுத்து, அவள் கல்லீரலைத் தின்றது மஞ்சள் காமாலைக் கிருமிதானா என்று பார்க்க முடியும். அவளிடமிருந்து தொற்றியிருக்கலாம், நீங்களும் குழந்தையும் ரத்தம் கொடுங்கள் என்று டாக்டர் அவள் கணவனிடம் சொல்லியிருந்தார். "அவ ரிசல்ட் முதல்ல வரட்டும்" என்றான் அவன். வாரம் தவறாமல் வந்து குழாயைச் சாய்த்துப் பார்ப்பான். ஓடுவதைக் கண்டு நிம்மதியாகத் திரும்புவான்.

"இன்னும் எத்தனை நாளைக்குடா செத்தவ முந்தானைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவ?" என்று அவன் அக்கா கேட்டாள்.

"ஒளியலக்கா. காத்திருக்கேன்."

"பிள்ளைய மடியில வச்சுக்கிட்டா?"

தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டான்.

பெயிண்ட் கடையில் நிறம் கலப்பது அவன் வேலை. எந்த மஞ்சளையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்வான். மனைவியின் கண்ணில் ஏறியதை மட்டும் தூக்கமில்லாத களைப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் காலை மகள் சாப்பாடு வேண்டாமென்றாள். இமையை விலக்கி வெளிச்சத்துக்குத் திருப்பினான். வெயிலா மஞ்சளா என்று தெரியவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தான்.

பயத்தில் குழந்தையின் கை சில்லிட்டு நரம்பு உள்வாங்கிவிட்டது. கூடத்துப் பெண் தட்டிப் பார்த்தாள், தேய்த்துப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரக் குழாயை எடுத்துக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இது யாரோடது?"

"உங்கம்மாவோடது. கெட்டியா பிடிச்சுக்க."

கை சூடேறியது, நரம்பு எழுந்து வந்தது. அடுத்து அவன் சட்டைக் கையை மடித்தான். அவன் நரம்பு நன்றாகவே தெரிந்தது. இருந்தும் குழாயைக் கேட்டு வாங்கிப் பிடித்துக்கொண்டான்.

மூன்று ரத்தமும் ஒரே நேரத்தில் உறைந்தன. தையல்காரிக்குக் கிருமி இருந்தது. அவனுக்கும் இருந்தது, மாத்திரை போட்டால் கட்டுக்குள் நிற்கும் என்றார் டாக்டர். மகளுக்கு இல்லை. அன்றே அவளுக்கு முதல் தடுப்பூசி போட்டார்கள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைக்குப் போனான்.

வேலை முடிந்த குழாயை அழித்துவிடுவதுதான் கூடத்து வழக்கம். இதன் சூடு ஆறவில்லை என்பதால் வைத்துக்கொண்டார்கள். நரம்பு கிடைக்காத குழந்தைகள் வந்தால் அதைத்தான் கையில் கொடுக்கிறார்கள்.