புகை தெரியாத வண்டிகள்

டிப்போவில் அவரை எல்லோரும் மூக்கு மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ் கோளாறு என்று வந்தால் உடனே இஞ்சினைத் திறக்க மாட்டார். ஓடவிட்டு, பின்னால் போய் நின்று, புகையைப் பார்ப்பார், ஒரு தடவை மோந்து பார்ப்பார். கறுப்பென்றால் டீசல் அதிகம், நீலமென்றால் ஆயில் எரிகிறது. புகையே தெரியவில்லையா, வண்டி தங்கம்.

ஓய்வு பெற்ற பிறகு, சாயங்காலமானால் மாடி வீட்டின் தெருப்பக்க ஜன்னலில் போய் உட்கார்ந்துவிடுவார். கீழே சிக்னல். வேலை விட்டுத் திரும்பும் வண்டிகள் உறுமிக்கொண்டு நிற்கும். அவர் பார்ப்பதென்னவோ வேறொரு பஸ்ஸை. கல்யாணமான புதிதில் அவருக்குக் காலை ஷிஃப்ட், மனைவி கண்டக்டர். சாயங்காலம் அவளுடைய பஸ் இதே சிக்னலில் நிற்கும். தோளில் தோல்பையோடு பின்வாசலிலிருந்து ஜன்னலில் நிற்கும் அவரை எட்டிப் பார்த்து, "என்னங்க, அடுப்பை அணைச்சீங்களா?" என்று கத்துவாள். பஸ்ஸே சிரிக்கும். அவரை வெட்கம் பிடுங்கித் தின்னும். அந்த வெட்கம் இப்போது நினைத்தாலும் இனித்தது.

போன மாதம் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அடைத்திருந்த ரத்தக்குழாயை விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஜன்னல் விஷயத்தை மனைவிதான் டாக்டரம்மாவிடம் போட்டுக்கொடுத்தாள்.

"அந்த இடத்தை விட்டுடுங்க ஐயா. வண்டி விடுற வாயு மூச்சு வழியாப் போய் ரத்தக்குழாயைக் கெடுக்கும், இறுக்கும். ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்துல வேற வாயு ஏறி உட்கார்ந்துக்கும்."

"டிக்கெட்டும் எடுக்காம, எழுந்திரிக்கவும் மாட்டேங்கிற ஆள் மாதிரி," என்றாள் கண்டக்டரம்மா.

"இப்ப வர்ற வண்டியில புகையே இல்லம்மா. நான் பார்க்காத புகையா?"

"கண்ணுக்குத் தெரியாததுதான் ஐயா நான் சொல்றது."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? ஆனால் மேஸ்திரி பிடித்த முயலுக்கு மூன்றே கால். வீட்டுக்கு வந்த நாலாம் நாளே மறுபடி ஜன்னலில் உட்கார்ந்துவிட்டார். சிக்னலில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. திருப்தியாகத் தலையாட்டும்போதே நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல இருந்தது. கை தானாக அங்கே போனது.

மனைவி ஓடி வந்து நாக்குக்கடியில் மாத்திரையை வைத்தாள். திட்டவில்லை. வலி தணிந்ததும் ஜன்னல் கதவில் கை வைத்தாள்.

"மூடாத. இதை மூடிட்டா அப்புறம் உன்னை எங்க பார்க்கிறது?"

இவ்வளவு காலமாக மனதுக்குள் வைத்திருந்தது, வாய் தவறி வந்துவிட்டது. அவள் கை அப்படியே நின்றது.

"நான் அந்த பஸ்ஸை விட்டு இறங்கி எத்தனையோ வருஷமாச்சு," என்றாள். "தினமும் சாயங்காலம் பின்னாடி ரூம்ல தனியாத்தான் உட்கார்ந்திருக்கேன். ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தீங்களா?"

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. இந்த வலிக்கு மாத்திரை இல்லை. துருப்பிடித்த கொக்கியோடு மல்லுக்கட்டி ஜன்னலை அவரே சாத்தினார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு நடந்து, கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை. அதனால் அவளைப் பார்த்தார். அவள் தலை முழுக்க நரைத்துப்போயிருந்தது அன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டது.