சனிக்கிழமைக் குளியல்

நீர்மட்டத்தை ஒட்டி டைல்ஸில் படிந்திருந்த மஞ்சள் பிசுக்கைத் தட்சிணாமூர்த்தி மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். குளோரின் நெடியில் கண் எரிந்தது. பத்து மணிக்குக் கதவைத் திறப்பதற்குள் நாலு பக்கமும் முடித்தாக வேண்டும். கும்பகோணத்தில் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர், டொராண்டோவில் இந்த நீச்சல் குளத்துக்குத் துப்புரவுக்காரராக வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. 1976, பிப்ரவரி.

கட்டடத்துக்கு அறுபத்து நாலு வயது. ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல் என்று நிலைக்கல்லில் செதுக்கியிருக்கும். சுற்றுவட்டார வீடுகளில் குளியலறையே இல்லாத காலத்தில், தையல்காரர்களும் இறைச்சிக்கூடத்து ஆட்களும் வாரத்துக்கு ஒருமுறை உடம்பு கழுவக் கட்டியது. அன்றைய பதினாறு குளியல் அறைகளில் பத்து இப்போது சாமான் போட்டுவைக்கும் இடம். மீதி ஆறுக்கு இன்னும் ஆள் வந்தது. அவர்களில் ஒருவன் ஜாபர்.

ஜாபர் நாகப்பட்டினத்துக்காரன். மெத்தைத் தொழிற்சாலையில் பஞ்சு அடைக்கிற வேலை. அவன் தங்கியிருந்த வீட்டில் ஒன்பது பேருக்கு ஒரே குழாய், வெந்நீர் வராது. சனிக்கிழமை தவறாமல் வந்து பஞ்சுத் தூசி போகக் குளித்துவிட்டு, கொஞ்ச நேரம் குளத்திலும் இறங்குவான். விசா முடிந்து ஏழு மாதமானதைத் தட்சிணாமூர்த்தியிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

மூன்று வாரமாகவே நாலு வாலிபர்கள் அவனைக் குறிவைத்திருந்தார்கள். அவன் இறங்கினால் மூக்கைப் பொத்திக்கொண்டு கரையேறுவார்கள். 'பாக்கி' என்று கத்துவார்கள். பழுப்புத் தோல்காரர் எல்லோருக்கும் அந்த ஊரில் அப்போது அதுதான் வசவு. தட்சிணாமூர்த்தி மேலாளரிடம் இரண்டு தடவை முறையிட்டார். பையன்கள் விளையாடுகிறார்கள், நீ தரையைக் கவனி என்று பதில் வந்தது.

அன்று அவர்கள் கரையேறவில்லை. இரண்டு பேர் ஜாபரின் கைகளை முறுக்கிப் பிடித்தார்கள். ஒருவன் தோளில் ஏறி உட்கார்ந்து தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினான். நாலாமவன் எண்ணினான். காவலுக்கு இருந்த பெண் விசில் ஊதிப் பார்த்துவிட்டு மேலாளரைக் கூப்பிட ஓடினாள். அவர்கள் ஜாபரின் தலையைத் தூக்கிக் கரை விளிம்பில் மோதினார்கள். தண்ணீர் சிவந்தது. மறுபடியும் அமுக்கினார்கள்.

குப்பை வாரும் நீளக் கம்பு தட்சிணாமூர்த்தியின் கையில் இருந்தது. கத்தினார், யாரும் திரும்பவில்லை. வீசினார். தோளில் இருந்தவனின் மணிக்கட்டு முறிந்த சத்தம் அந்த உயரமான கூடம் முழுக்கக் கேட்டது. அடுத்த அடி இன்னொருவன் காதில் விழுந்தது. பிள்ளைகளைக்கூட அடித்தறியாதவர் அவர். போதும் என்று மனசு சொன்ன பிறகும் கை கேட்கவில்லை. நாலு பேரும் விலகிய பின்னும் வெறும் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்.

உடை மாற்றும் அறையில் ஜாபர் தண்ணீரும் ரத்தமுமாக இருமினான். மண்டையில் இரண்டு அங்குலத்துக்குப் பிளவு.

"அண்ணே, போலீஸ் வருமா?"

"வரட்டும். நீ நடந்ததைச் சொல்லு. நீ சொன்னாத்தான் எனக்கு வழி."

"பேப்பர் கேப்பாங்களேண்ணே. திருப்பி அனுப்பிடுவாங்க."

தட்சிணாமூர்த்தி ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"போட்டுக்க. சீக்கிரம் போ."

போலீஸ்காரர் இருவர் வந்தார்கள். காரணமே இல்லாமல் துப்புரவுக்காரன் பையன்களைத் தாக்கினான் என்றார் மேலாளர். ஒருவனைத் தண்ணீரில் அமுக்கிக் கொல்லப் பார்த்தார்கள் என்றார் தட்சிணாமூர்த்தி. அவன் எங்கே என்று கேட்டதற்குத் தெரியாது என்றார். விசில் ஊதிய பெண் வாயைத் திறந்தாள். மேலாளர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

தட்சிணாமூர்த்திக்கு விலங்கு மாட்டிக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்தார்கள். கை முறிந்தவனைக் கம்பளியில் சுற்றி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். இன்னொருவனும் காதைப் பொத்திக்கொண்டு கூடவே ஏறினான். ஒலி எழுப்பியபடி வண்டி தெருமுனையில் திரும்பியது. அதற்கு வழிவிட்டு ஜாபர் ஓரத்துப் பனிக்குவியலில் ஏறி நின்றான். ஈரத் தலைமுடி உறைந்து விறைத்திருந்தது. காதோரம் வழிந்த ரத்தம் மட்டும் இன்னும் உறையவில்லை.